ஆர்மீனியர்கள் யார்? திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் பதில்களும்

சென்னை பாரிமுனையில் ஆர்மேனியன் தெரு என்று ஒரு தெரு உண்டு. அங்கிருக்கும் பழைய ஆர்மீனியர் கோயிலைப் பார்க்க வருகிறவர்களோடு பல வருடங்களாகப் பேசி வருகிறேன். தரையில் பதித்த கல்லறைக் கற்களையும் அவற்றில் உள்ள புரியாத எழுத்தையும் பார்த்ததும் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். நம்மவர்களில் பலருக்கு ஆர்மீனியர் என்றால் அந்தத் தெருவின் பெயர் தெரியும். செய்தி படிக்கிறவர்களுக்கு 1915 படுகொலையும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் உள்ளதையும் சொல்லவேண்டும் என்பதற்காகக் கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறேன்.

ஆர்மீனியான்னு இப்பவும் ஒரு நாடு இருக்கா? எங்க இருக்கு?

இருக்கிறது. கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் நடுவே, காக்கேசிய மலைகளுக்குத் தெற்கே உள்ள சிறிய நாடு. கடற்கரை கிடையாது. வடக்கே ஜார்ஜியா, கிழக்கே அஜர்பைஜான், தெற்கே ஈரான், மேற்கே துருக்கி. மக்கள்தொகை சுமார் 30 லட்சம். தலைநகர் யெரெவான். அந்த ஊரில் உள்ள எரெபுனி என்ற கோட்டையை அந்தப் பகுதியை ஆண்ட பழைய உரார்த்து அரசின் மன்னன் அர்கிஷ்தி கி.மு. 782இல் கட்டினான். கல்லில் அவன் வெட்டிவைத்த சாசனம் கிடைத்திருப்பதால் ஊரின் வயதில் சந்தேகமே இல்லை.

இன்றைய நாடு பழைய ஆர்மீனியாவில் ஒரு துண்டுதான். கி.மு. முதல் நூற்றாண்டில் திக்ரான் பேரரசனின் ஆட்சி காஸ்பியன் கரையிலிருந்து மத்தியதரைக் கடல்வரை பரவியிருந்தது. அதற்குப் பிறகு ரோமர், பாரசீகர், அரபியர், பைசாந்தியர், செல்ஜுக் துருக்கியர், மங்கோலியர், ஒட்டோமானியர், ரஷ்யர் என்று வரிசையாக எல்லாரும் அந்த மண்ணில் படை நடத்தியிருக்கிறார்கள். இன்று ஆர்மீனியாவுக்கு வெளியே வாழும் ஆர்மீனியர்கள் உள்ளே இருப்பவர்களைவிட அதிகம். ரஷ்யா, அமெரிக்கா, பிரான்ஸ், லெபனான், ஈரான் என்று பரந்து கிடக்கிறார்கள்.

அவங்க பேசுறது ரஷ்ய மொழிதானே?

இல்லை. 1920 முதல் 1991 வரை சோவியத் ஒன்றியத்தில் இருந்ததால் பலருக்கு ரஷ்ய மொழி தெரியும், அவ்வளவுதான். அவர்களுடைய மொழி ஆர்மீனியம். இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் உடன்பிறப்பு இல்லாமல் தனிக் கிளையாக நிற்கும் மொழி. ஆர்மீனியாவிலும் ஈரானிலும் பேசுவது கிழக்கு வழக்கு. ஒட்டோமான் நிலப்பகுதியிலிருந்து துரத்தப்பட்டவர்களின் வாரிசுகள் பேசுவது மேற்கு வழக்கு. மேற்கு ஆர்மீனியம் அழியும் அபாயத்தில் இருப்பதாக யுனெஸ்கோ அறிவித்திருக்கிறது. பள்ளியும் அரசும் இல்லாமல் வீட்டுப் பேச்சை மட்டும் நம்பி ஒரு மொழி எத்தனை தலைமுறைக்குத் தாங்கும்?

எழுத்தும் அவர்களுடையதே. கி.பி. 405 வாக்கில் மெஸ்ரோப் மாஷ்தோத்ஸ் என்ற துறவி 36 எழுத்துகளை உருவாக்கினார். இடைக்காலத்தில் இரண்டு சேர்ந்தன. அந்த எழுத்தில் முதலில் எழுதப்பட்ட வாக்கியம் விவிலியத்தின் நீதிமொழிகளிலிருந்து வந்தது. ஞானத்தையும் நற்பயிற்சியையும் அறிவதைப் பற்றிச் சொல்லும் வரி. எழுத்து கிடைத்த வேகத்தில் மொழிபெயர்ப்பில் இறங்கினார்கள். கிரேக்க மூலம் தொலைந்துபோய் ஆர்மீனிய மொழிபெயர்ப்பில் மட்டும் தப்பிய நூல்கள் உண்டு. பைலோ என்ற தத்துவஞானியின் சில நூல்கள் அப்படித்தான் நமக்குக் கிடைத்தன. அந்த மொழிபெயர்ப்பாளர்களைப் புனிதர்களாக வைத்து இன்றும் அக்டோபரில் திருநாள் எடுக்கிறது ஆர்மீனியத் திருச்சபை. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குள் ஒரு மகிழ்ச்சி வரும்.

உலகத்துலயே முதல் கிறிஸ்தவ நாடு ஆர்மீனியாதான்னு சொல்றாங்களே, நம்ம ஊருக்கே தோமையார் அதுக்கு முன்னாடியே வந்துட்டாரே?

நல்ல கேள்வி. தோமையார் கி.பி. 52இல் இந்தியா வந்தார் என்பது நம் பக்கத்து மரபு. ஆர்மீனியாவுக்கும் அப்படி ஒரு மரபு உண்டு. ததேயு, பர்த்தலமேயு என்ற இரண்டு திருத்தூதர்கள் அங்கே போனார்கள் என்று சொல்வார்கள். அதனால்தான் தங்கள் சபைக்கு ஆர்மீனிய அப்போஸ்தலத் திருச்சபை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதல் என்று சொல்வது கிறிஸ்தவர் இருந்ததை வைத்து அல்ல. ஒரு அரசன் ஞானஸ்நானம் பெற்று, அதை நாட்டின் மதமாக அறிவித்தது அங்கேதான் முதலில் நடந்தது. மரபுப்படி வருடம் 301. சில ஆய்வாளர்கள் 314 என்பார்கள். எதை எடுத்துக்கொண்டாலும் ரோமப் பேரரசு அதிகாரபூர்வமாகக் கிறிஸ்தவ நாடான 380ஆம் ஆண்டுக்கு முந்தியதுதான்.

கதை இப்படிப் போகிறது. திரிதத் அரசனின் தந்தையைக் கொன்றவனுடைய மகன் கிரிகோரி. அவர் கிறிஸ்தவர் என்பதும் யாருடைய மகன் என்பதும் தெரிந்ததும் அரசன் அவரைப் பாதாளக் குழியில் போட்டான். பதிமூன்று வருடம் ஒரு பெண் ரகசியமாக ரொட்டி போட்டு உயிர்காத்தாள். பிறகு அரசனுக்குச் சித்தம் கலங்கியது. அவனுடைய சகோதரி கனவு கண்டு சொல்ல, கிரிகோரியை வெளியே எடுத்தார்கள். அவர் வேண்டிக்கொள்ள அரசன் குணமாகி மனம் மாறினான். அந்தக் குழி கோர் விராப் மடத்தில் இன்றும் இருக்கிறது. செங்குத்தான இரும்பு ஏணியைப் பிடித்து ஆறு மீட்டர் போல இறங்கவேண்டும். கிரிகோரிக்கு ஞானஒளியூட்டியவர் என்று பட்டம்.

அப்போ அவங்க கத்தோலிக்கரா, புராட்டஸ்டண்டா?

பெரும்பாலோர் இரண்டும் இல்லை. இந்தப் பிரிவுகள் உண்டாவதற்கு ரொம்ப முந்தியே அவர்கள் தனி வழியில் போய்விட்டார்கள். 451இல் கால்செதோனில் கூடிய பொதுச்சங்கம் கிறிஸ்துவுக்குத் தெய்வ இயல்பு, மனித இயல்பு என்று இரண்டு இயல்புகள் உண்டு என வரையறுத்தது. தெய்வமும் மனிதமும் பிரிக்கமுடியாதபடி ஒன்றான இயல்பு என்பதே ஆர்மீனியர்களின் நிலை. ஆறாம் நூற்றாண்டில் த்வின் நகரச் சங்கங்களில் கால்செதோன் முடிவை வெளிப்படையாக மறுத்தார்கள். எகிப்தின் காப்டிக் சபை, சிரியன் ஆர்த்தடாக்ஸ், எத்தியோப்பிய சபை, கேரளத்தின் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபை எல்லாம் இதே குடும்பம். கோட்டயம் பக்கத்து ஆர்த்தடாக்ஸ்காரர் ஒருவர் யெரெவானில் நற்கருணை வாங்கலாம். ரோமோடு இணைந்த ஆர்மீனியக் கத்தோலிக்கரும் உண்டு, எண்ணிக்கையில் குறைவு.

கால்செதோன் சங்கம் நடந்த அதே 451இல் ஆர்மீனியர்கள் வேறொரு வேலையில் இருந்தார்கள். பாரசீக அரசன் இரண்டாம் யஸ்தகிர்து அவர்களைத் தன் ஜொராஸ்திர மதத்துக்கு மாறச் சொன்னான். வர்தான் மாமிகோனியான் தலைமையில் அவராய்ர் களத்தில் எதிர்த்து நின்றார்கள். போரில் தோற்றார்கள், வர்தானும் இறந்தார். ஆனாலும் எதிர்ப்பு ஓயவில்லை. 484இல் பாரசீகம் மத உரிமையை எழுதிக்கொடுத்து ஒப்பந்தம் போட்டது. தோற்ற போருக்கு ஒவ்வொரு வருடமும் திருநாள் கொண்டாடுகிறவர்கள் இவர்கள்.

தலைமை குருவுக்குக் கத்தோலிக்கோஸ் என்று பெயர். யெரெவானுக்குப் பக்கத்து ஊரான எச்மியாட்சினில் இருப்பவர் எல்லா ஆர்மீனியருக்கும் கத்தோலிக்கோஸ். லெபனானில் அந்தேலியாஸ் என்ற இடத்தில் சிலிசியாவின் (இன்றைய தெற்குத் துருக்கியில் உள்ள பழைய பகுதி) கத்தோலிக்கோஸ் தனியாக உண்டு. ஜெருசலேமிலும் இஸ்தான்புல்லிலும் மறைமுதுவர்கள் (பேட்ரியார்க்) இருக்கிறார்கள். ஜெருசலேம் பழைய நகரின் நான்கு பகுதிகளில் ஒன்றுக்கே ஆர்மீனியர் பகுதி என்றுதான் பெயர்.

கிறிஸ்துமஸ் ஜனவரி 6ல கொண்டாடுறாங்களாமே, ரஷ்யாக்காரங்க மாதிரி நாள்காட்டி வித்தியாசமா?

நாள்காட்டி வித்தியாசம் ரஷ்யர்களுடையது. அவர்கள் டிசம்பர் 25ஐத்தான் பழைய ஜூலியன் கணக்கில் கொண்டாடுகிறார்கள், அது நமக்கு ஜனவரி 7ஆக விழுகிறது. ஆர்மீனியர்களின் காரணம் வேறு. ஆதித் திருச்சபையில் பல இடங்களில் இயேசுவின் பிறப்பையும் யோர்தானில் அவர் பெற்ற திருமுழுக்கையும் ஒரே நாளில், ஜனவரி 6இல், நினைவுகூர்ந்தார்கள். பிறகு ரோம் பிறப்பை டிசம்பர் 25க்கு நகர்த்தியது, மற்றவர்களும் பின்பற்றினார்கள். ஆர்மீனியர்கள் பழைய வழக்கத்தை விடவில்லை. அதனால் அவர்களுடைய கிறிஸ்துமஸ் அன்று பூசை முடிந்ததும் தண்ணீரில் சிலுவையை முக்கி மந்திரித்து எல்லாருக்கும் கொடுப்பார்கள். ஜெருசலேமில் உள்ள ஆர்மீனியர் மட்டும் ஜூலியன் நாள்காட்டியையும் பின்பற்றுவதால் அங்கே ஜனவரி 19 வரை காத்திருக்கவேண்டும்.

கோயிலுக்கு ஆடு, சேவல் எல்லாம் கொண்டுவந்து வெட்டுறாங்கன்னு படிச்சேன். கிறிஸ்தவத்துல அது எப்படி?

அதற்கு மதாக் என்று பெயர். நோய் தீர்ந்தாலோ, பிள்ளை போரிலிருந்து திரும்பினாலோ, நேர்ந்துகொண்டதை நிறைவேற்ற ஆட்டையோ சேவலையோ கொண்டுவருவார்கள். குருவானவர் உப்பை மந்திரித்துக் கொடுப்பார். இறைச்சியை அந்த உப்புப் போட்டு வேகவைத்து, அன்றைக்கே ஏழைகளுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் பங்கிடுவார்கள். பாவம் தீர்க்கும் பலி அல்ல இது, அன்னதானம் என்றே சபை விளக்குகிறது. பழைய நம்பிக்கையைச் சபை வேரோடு பிடுங்காமல் உள்ளே இழுத்துக்கொண்டதற்கு இது நல்ல உதாரணம்.

இன்னும் மூன்று பண்டிகைகளில் அதே பழைய வாடை அடிக்கும். பிப்ரவரி நடுவில் த்ருந்தெஸ். கோயில் முற்றத்தில் தீ மூட்டிப் புதுமணத் தம்பதிகள் தாண்டுவார்கள். ஈஸ்டர் முடிந்து பதினான்காவது வாரத்தில் வர்தவார். அன்றைக்கு யெரெவான் தெருவில் யார் மீது வேண்டுமானாலும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றலாம், கோபப்படக் கூடாது. ஆகஸ்ட் நடுவில் திராட்சை மந்திரிப்பு. அதுவரை புதுத் திராட்சை தின்னாமல் காத்திருக்கும் பாட்டிகள் இன்றும் உண்டு.

நோவா பேழை ஒதுங்கின அரராத் மலை ஆர்மீனியாவுலதானே இருக்கு?

இல்லை, துருக்கியில் இருக்கிறது. யெரெவானில் எந்த மாடியில் ஏறினாலும் தெரியும், 5,137 மீட்டர் உயரம், வருடம் முழுக்கப் பனி. கோர் விராப் மடத்தின் வாசலில் நின்றால் எல்லைக்கோடும் அதற்கு அந்தப் பக்கம் மலையும் சேர்ந்து தெரியும். 1921இல் சோவியத் ஆட்சியும் துருக்கியும் எல்லையை வரைந்தபோது மலை அந்தப் பக்கம் போய்விட்டது. 1993இல் துருக்கி எல்லையை அடைத்தது. ஆர்மீனியாவின் அரசுச் சின்னத்தின் நடுவே மட்டும் அரராத் அப்படியே இருக்கிறது. ஆர்மீனியர்கள் மாசிஸ் என்று கூப்பிடுவார்கள்.

1915ல என்னதான் நடந்தது?

அப்போது ஒட்டோமான் பேரரசின் கிழக்கு மாகாணங்களிலும் நகரங்களிலும் லட்சக்கணக்கான ஆர்மீனியர் வாழ்ந்தார்கள். திடீரென்று வந்த பகை அல்ல. 1894–96இல் சுல்தான் அப்துல் ஹமீது காலத்திலும் 1909இல் அதானாவிலும் பெரிய படுகொலைகள் நடந்திருந்தன. முதல் உலகப்போரில் பேரரசு ஜெர்மனி பக்கம் இறங்கியது. ஆட்சியில் இருந்த இளந்துருக்கியர் கட்சி, ஆர்மீனியர் எதிரியான ரஷ்யாவுக்கு உதவுவார்கள் என்று காரணம் காட்டி மொத்தச் சமூகத்தையே துடைத்தெறியத் தீர்மானித்தது.

1915 ஏப்ரல் 24 இரவு பேரரசின் தலைநகரான இஸ்தான்புல்லில் எழுத்தாளர், பத்திரிகையாளர், ஆசிரியர், அரசியல்வாதி என்று இருநூறுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துப் போனார்கள். தானியேல் வருழான் போன்ற கவிஞர்கள் கொல்லப்பட்டார்கள். படையில் இருந்த ஆர்மீனிய ஆண்களின் ஆயுதத்தைப் பறித்துச் சாலை போடும் வேலைக்கு அனுப்பினார்கள், பிறகு கொன்றார்கள். ஊர்களில் மிச்சமிருந்த பெண்கள், முதியவர்கள், குழந்தைகளை இடமாற்றம் என்ற பெயரில் சிரியப் பாலைவனத்தை நோக்கி நடக்கவைத்தார்கள். வழியில் கொலை, கொள்ளை, கடத்தல், பட்டினி. நடந்து போய்ச் சேர்ந்தவர்களையும் தேர் எஸ்ஸோர் பக்கத்து முகாம்கள் விழுங்கின. இறந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல் என்பது பெரும்பாலான வரலாற்றாளர் கணக்கு. 15 லட்சம் என்று ஆர்மீனியர் சொல்வார்கள்.

தப்பியவர்களில் ஒருவர் கோமிதாஸ் என்ற துறவி. ஊர் ஊராகப் போய் ஆயிரக்கணக்கான நாட்டுப்புறப் பாடல்களைக் கேட்டு எழுதிவைத்தவர். ஏப்ரல் 24இல் பிடிபட்டு, பிறகு விடுவிக்கப்பட்டார். கண்டதைத் தாங்கமுடியாமல் மனம் சிதைந்து, 1935இல் பாரிஸ் மருத்துவமனையில் இறக்கும்வரை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பாடின கிராமங்களும் இல்லை, சேகரித்தவரும் இல்லை. பாடல்களில் ஒரு பகுதி தப்பியது.

போர்ன்னா ரெண்டு பக்கமும் சாகத்தானே செய்வாங்க? துருக்கி அப்படித்தானே சொல்லுது?

ஆமாம், துருக்கியின் அதிகாரபூர்வ நிலை அதுதான்: போர்க்காலக் குழப்பத்தில் எல்லாரும் இறந்தார்கள், திட்டம் எதுவும் இல்லை. ஆனால் போர்முனைக்குப் பல நூறு மைல் தள்ளி இருந்த ஊர்களின் பெண்களையும் குழந்தைகளையும் ஏன் பாலைவனத்துக்கு விரட்டினார்கள் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. போர் முடிந்ததும் 1919இல் ஒட்டோமான் ராணுவ நீதிமன்றமே விசாரணை நடத்தித் 1915இல் உள்துறை அமைச்சராக இருந்த தலாத் பாஷா உள்ளிட்ட தலைவர்களுக்கு, அவர்கள் தப்பியோடிய நிலையில், மரண தண்டனை விதித்தது. இனப்படுகொலை என்ற கருத்தை 1944இல் சட்டச் சொல்லாக உருவாக்கிய ரபேல் லெம்கின், தன்னை அந்தச் சிந்தனைக்குத் தள்ளியவற்றில் ஆர்மீனியர் கதியும் ஒன்று என்று சொல்லியிருக்கிறார். பிரான்ஸ் 2001இலும், ஜெர்மனி நாடாளுமன்றம் 2016இலும், அமெரிக்க அதிபர் 2021இலும் அதை அப்படியே பெயர் சொல்லி அங்கீகரித்தார்கள். இந்தியா இன்னும் அங்கீகரிக்கவில்லை.

துருக்கியர் எல்லாரும் ஒரே மாதிரி என்று நினைத்துவிடவும் கூடாது. அலெப்போ ஆளுநராக இருந்த ஜலால் பே உத்தரவை நிறைவேற்ற மறுத்துப் பதவி இழந்தார். பல அரபு, குர்து, துருக்கியக் குடும்பங்கள் குழந்தைகளை ஒளித்துவைத்தன. 2007இல் இஸ்தான்புல்லில் ஆர்மீனியப் பத்திரிகையாளர் ஹ்ராந்த் திங்க் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருடைய இறுதி ஊர்வலத்தில் ஒரு லட்சம் பேர் போல நடந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் துருக்கியர்.

புத்தகத்தைக் காப்பாத்த உயிரையே கொடுத்தாங்கன்னு ஒரு கதை சொல்றீங்களே, அது நிஜமா?

நிஜம்தான். இன்று கிழக்குத் துருக்கியில் உள்ள முஷ் நகரத்து மடத்தில் 1200களின் தொடக்கத்தில் எழுதின ஒரு பிரசங்கக் கையெழுத்துப் பிரதி இருந்தது. ஒவ்வொரு தாளும் கன்றுத்தோல். எடை சுமார் 28 கிலோ. 1915இல் பாழடைந்த மடத்தில் இரண்டு பெண்கள் அதைக் கண்டெடுத்தார்கள். ஒருவரால் தூக்கமுடியாத கனம் என்பதால் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி நடந்தே எச்மியாட்சின் வந்து சேர்ந்தது. மறுபாதி எர்சுரூமில் புதைக்கப்பட்டு, பின்னால் கிடைத்தது. வீடு, உடைமை, உறவு எல்லாம் போன நிலையில், பிழைக்க ஓடும்போது அவர்கள் சுமந்தது ஒரு புத்தகத்தின் பாதியை.

இரண்டு பாதிகளும் இப்போது யெரெவானின் மாதேனதாரான் என்ற சுவடி நூலகத்தில் இருக்கின்றன. மலைச்சரிவில் கோயில் போல எழுப்பிய கட்டடம், வாசலில் மாஷ்தோத்ஸின் சிலை. உள்ளே 17,000க்கும் மேற்பட்ட சுவடிகள். பல சுவடிகளின் கடைசிப் பக்கத்தில் எழுதியவர் தன் பெயர், ஊர், அந்த வருடத்துப் பஞ்சம், படையெடுப்பு எல்லாவற்றையும் குறித்து, படிக்கிறவர்கள் தனக்காக வேண்டிக்கொள்ளும்படி கேட்டிருப்பார். ஆர்மீனிய வரலாற்றில் பாதி அந்தக் குறிப்புகளிலிருந்து எடுத்ததுதான்.

சரி, இவ்வளவு தூரத்துல இருந்தவங்க மெட்ராசுக்கு எப்படி வந்தாங்க?

நேராக ஆர்மீனியாவிலிருந்து வரவில்லை, ஈரான் வழியாக வந்தார்கள். அராஸ் ஆற்றங்கரையில் ஜுல்பா என்ற பணக்கார வணிக ஊர் இருந்தது. 1604–05இல் பாரசீக ஷா அப்பாஸ் ஒட்டோமானியரோடு போர் செய்தபோது ஊரைக் காலிசெய்து எரித்து, மக்களை இஸ்பஹான் நகருக்கு ஓட்டிக்கொண்டு போனார். அங்கே புது ஜுல்பா என்ற குடியிருப்பும், கோயில் கட்ட உரிமையும், பட்டு வணிகமும் கொடுத்தார். இரண்டு தலைமுறைக்குள் அவர்களுடைய ஆட்கள் வெனிஸிலிருந்து மணிலாவரை வியாபாரம் செய்தார்கள். பங்குத்தொகை, கூட்டாளி, கணக்கு எல்லாமே குடும்பத்துக்குள்ளும் ஊருக்குள்ளும் இருந்த நம்பிக்கையின்மேல் ஓடியது. 1688இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களோடு ஒப்பந்தம் போட்டது. நாற்பது ஆர்மீனியர் குடியேறும் எந்தக் கம்பெனி ஊரிலும் அவர்களுக்குக் கோயில் கட்டித்தருவதாக அதில் ஒரு சலுகையும் உண்டு.

மெட்ராஸில் பெரிய பெயர் கோஜா பெத்ருஸ் உஸ்கான். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726இல் தன் பணத்தில் மர்மலாங் பாலத்தைக் கட்டியவர். இப்போதுள்ள மறைமலையடிகள் பாலம் அந்த இடத்தில் எழுந்ததுதான். பரங்கிமலைக்கு ஏறும் படிகளும் அவர் போட்டவை. அடுத்த தலைமுறையில் ஷாஹமீர் ஷாஹமீரியான் 1770களில் மெட்ராஸில் அச்சகம் வைத்தார். எதிர்காலத்தில் விடுதலை பெறப்போகும் ஆர்மீனியாவுக்கு அரசியல் சட்டம் ஒன்றை வரைந்து இங்கேயே அச்சிட்டார். நாடே இல்லாத காலத்தில், மக்கள் தேர்ந்தெடுக்கும் சபை, எல்லாருக்கும் பொதுவான சட்டம் என்று 521 பிரிவுகள் எழுதியிருக்கிறார்கள். உலகிலேயே ஆர்மீனிய மொழியில் வந்த முதல் இதழான அஸ்தரார், 1794இல் ஹரூத்யூன் ஷ்மாவோனியான் என்ற குருவானவர் மெட்ராஸில் நடத்தியது. 1796 வரை 18 இதழ்கள் வந்தன. அவருடைய கல்லறை இந்தக் கோயில் வளாகத்தில்தான் இருக்கிறது.

அந்தத் தெருவுல செவ்வாய்க்கிழமை கூட்டம் நிக்குற அந்தோணியார் கோயில்தானே ஆர்மீனியர் கோயில்?

இல்லை, அது ரோமன் கத்தோலிக்கக் கோயில். இரண்டும் மாதா பெயரில், ஒரே தெருவில் இருப்பதால் குழப்பம் வருகிறது. ஆர்மீனியர் கோயிலுக்குத் தெருவைப் பார்த்து ஒரு பழைய மரக்கதவு. அதைத் தாண்டினால் சத்தம் குறைந்துவிடும். 1712இல் முதல் கோயில் எழுந்தது, இப்போது நிற்கும் கட்டடம் 1772ஐச் சேர்ந்தது. மணிக்கூண்டு கோயிலோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது, உள்ளே ஆறு பெரிய மணிகள். நடைபாதையெங்கும் கல்லறைக் கற்கள், சுமார் 350 பேர் அங்கே அடங்கியிருக்கிறார்கள்.

இப்போது சென்னையில் ஆர்மீனியர் இருக்கிறார்களா என்று உடனே அடுத்த கேள்வி வரும். சமூகம் என்று சொல்லும்படி யாரும் இல்லை. கோயிலைக் கொல்கத்தாவில் உள்ள ஆர்மீனியத் திருச்சபைக் குழு பராமரிக்கிறது. அங்கே 1724இல் கட்டிய நசரேத் கோயிலும் 1821இல் தொடங்கிய ஆர்மீனியப் பள்ளியும் இன்னும் நடக்கின்றன.

கல்லுல சிலுவை செதுக்குறதுல அப்படி என்ன விசேஷம்?

கச்கார் என்று அதற்குப் பெயர். ஆள் உயரக் கல்லை நிறுத்தி, நடுவில் சிலுவை. அதன் அடியிலிருந்து இலையும் கொடியும் கிளம்பும். இயேசுவின் உருவம் அபூர்வமாகத்தான் இருக்கும். சிலுவையை மரமாக, உயிருள்ளதாகக் காட்டுவதே நோக்கம். மிச்ச இடமெல்லாம் சரிகை போல நுணுக்கமான பின்னல் வேலை. ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. சேவான் ஏரிக்கரையில் நொராத்தூஸ் என்ற இடுகாட்டில் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. 2010இல் யுனெஸ்கோ இந்தக் கலையைத் தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இவற்றில் பெரிய தொகுதி பழைய ஜுல்பா இடுகாட்டில் இருந்தது, ஆயிரக்கணக்கில். மேலே சொன்ன அதே ஜுல்பா. மெட்ராஸுக்கு வந்த வணிகர்களின் முன்னோர்கள் அங்கேதான் அடங்கியிருந்தார்கள். அந்த இடம் இன்று அஜர்பைஜானின் நக்சிவான் பகுதியில். 1998 தொடங்கி 2005 டிசம்பருக்குள் எல்லாவற்றையும் உடைத்துத் தள்ளினார்கள். ஈரான் கரையிலிருந்து எடுத்த படங்கள் இருக்கின்றன, ஆற்றங்கரையில் சிப்பாய்கள் சம்மட்டியோடு நிற்பது தெரியும். அஜர்பைஜான் அரசு மறுக்கிறது. அந்த வம்சத்தின் கல்லறைக் கற்களைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் இன்று இஸ்பஹானுக்கோ கொல்கத்தாவுக்கோ நம் பாரிமுனைக்கோ வரவேண்டும்.

சாப்பாடு, பாட்டு பத்தி ஒண்ணுமே சொல்லலையே?

லவாஷ் என்ற மெல்லிய ரொட்டிதான் அன்றாட உணவு. தரைக்குள் பதித்த தோனீர் என்ற களிமண் அடுப்பின் உள்சுவரில், மாவை விரித்த திண்டால் அறைந்து ஒட்டவைப்பார்கள். அரை நிமிடத்தில் வெந்துவிடும். பெண்கள் கூடி ஒரே நாளில் மாதக்கணக்குக்குச் சுட்டுக் காயவைத்து அடுக்குவார்கள். வேண்டும்போது தண்ணீர் தெளித்தால் மறுபடி மெத்தென்று ஆகிவிடும். விருந்து என்றால் கம்பியில் குத்திக் கரியில் சுட்ட கொரோவாத்ஸ் இறைச்சி, திராட்சை இலையில் மடித்த தோல்மா. பழத்தில் முதலிடம் ஆப்ரிகாட்டுக்கு.

அந்த ஆப்ரிகாட் மரத்தில் கடைந்ததுதான் துதுக் என்ற குழல். அகலமான நாணல் சீவாளி, தாழ்ந்த கம்மிய நாதம். ஒருவர் வாசிக்க, இன்னொருவர் மூச்சு விடாமல் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டிருப்பார். நம் நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவது நினைவுக்கு வரும்.

பேரெல்லாம் ஏன் யான், யான்னு முடியுது?

இன்னார் வீட்டார் என்று காட்டும் விகுதி அது. இசையமைப்பாளர் கச்சதூரியான், சதுரங்க உலகச் சாம்பியன் திக்ரான் பெத்ரோசியான் எல்லாரும் அப்படித்தான். முன்னால் தேர் என்று வந்தால் குடும்பத்தில் குருவானவர் இருந்திருக்கிறார் என்று பொருள். ஆர்மீனியாவில் 2011 முதல் பள்ளியில் சதுரங்கம் கட்டாயப் பாடம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கராபாக் சண்டையில யார் பக்கம் நியாயம்?

இதில் ஒரு வரிப் பதில் சொல்கிறவர்களை நம்பவேண்டாம். நகோர்னோ கராபாக், ஆர்மீனியர் ஆர்த்சாக் என்பார்கள், பெரும்பான்மை ஆர்மீனியர் வாழ்ந்த மலைப்பகுதி. சோவியத் ஆட்சி அதை 1923இல் அஜர்பைஜானுக்குள் தன்னாட்சிப் பகுதியாக வைத்தது. 1988இல் அங்குள்ளவர்கள் ஆர்மீனியாவோடு சேரக் கேட்டார்கள். அஜர்பைஜான் நகரமான சும்கயீத்தில் ஆர்மீனியர் கொல்லப்பட்டார்கள். போர் மூண்டது. 1992இல் கோஜாலியில் அஜர்பைஜானியப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். 1994இல் ஆர்மீனியத் தரப்பு வென்று, சுற்றியிருந்த ஏழு மாவட்டங்களையும் முழுதாகவோ பகுதியாகவோ வைத்துக்கொண்டது. லட்சக்கணக்கான அஜர்பைஜானியர் அகதிகளானார்கள். இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல.

2020இல் 44 நாள் போரில் அஜர்பைஜான் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்தது. 2022 டிசம்பரிலிருந்து கராபாக்கை ஆர்மீனியாவோடு இணைத்த ஒரே சாலையை அடைத்து, உணவும் மருந்தும் போகாமல் செய்தது. 2023 செப்டம்பரில் ஒரு நாள் தாக்குதலில் எல்லாம் முடிந்தது. சில நாட்களுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், கிட்டத்தட்ட அங்கிருந்த அத்தனை ஆர்மீனியரும், ஊரைவிட்டு வெளியேறினார்கள். பட்டினி போட்டு, குண்டு வீசி, ஒரு மக்களைத் தங்கள் மண்ணிலிருந்து காலிசெய்ததை எந்த எல்லைச் சட்டமும் சரியாக்காது என்பது என் உறுதியான எண்ணம். 2025 ஆகஸ்டில் வாஷிங்டனில் இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும் சமாதான ஒப்பந்த வாசகத்தில் முன்கையொப்பமிட்டார்கள். காலிசெய்த மக்கள் திரும்புவதும், அங்கே விட்டுவந்த மடங்களும் கச்கார்களும் ஜுல்பாவின் கதிக்கு ஆளாகாமல் காப்பதும் இன்னும் தீராத விஷயங்கள்.

ஆர்மீனியர் யாரையாவது சந்திச்சா 1915 பத்திக் கேக்கலாமா, சங்கடப்படுவாங்களா?

கேட்கலாம். பெரும்பாலோர் சொல்லவே விரும்புவார்கள், குறிப்பாக வெளிநாட்டில் பிறந்தவர்கள். ஆனால் எத்தனை பேர் செத்தார்கள் என்று எண்ணிக்கையில் தொடங்கவேண்டாம். உங்கள் பாட்டி, தாத்தா எந்த ஊர்க்காரர்கள் என்று கேளுங்கள். பெய்ரூத்திலோ லாஸ் ஏஞ்சலஸிலோ பிறந்தவர்கூட வான், கார்பெர்த், மராஷ் என்று தான் பார்த்தேயிராத ஊரைச் சொல்வார். அப்புறம் அந்த ஊர்ச் சமையலும் பாட்டும் தானாக வரும். ஏப்ரல் 24 அன்று வாழ்த்து சொல்லிவிடாதீர்கள், அது துக்க நாள். ஜனவரி 6 அன்று தாராளமாகச் சொல்லலாம். வணக்கத்துக்கு அவர்கள் பரேவ் என்பார்கள்.